காலையின் முதல் படம்

எங்கள் கண் ஆஸ்பத்திரியில் தினமும் எடுக்கும் முதல் படம் படக்காரியின் வலது கண். காலை எட்டு மணிக்குக் கதவு திறந்ததும் விழித்திரையைப் படமெடுக்கும் இயந்திரத்தின் உறையைக் கழற்றுவாள். தாடை வைக்கும் தட்டை ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பாள். பிறகு சுற்றிக்கொண்டு நோயாளி பக்கம் போய் ஸ்டூலில் உட்காருவாள். இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பொத்தானை அழுத்துவேன். பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடிக்கும். திரையில் அவள் கண்ணின் பின்சுவர் செக்கச்செவேலென்று விரியும். ரத்தக்குழாய்கள் கிளை பிரிந்து ஓடும், அவற்றுக்கு நடுவே ஐந்து கறுப்புப் புள்ளிகள் இருக்கும்.

"மச்சம் தெளிவா இருக்கா அக்கா?" என்று கேட்பாள்.

"இருக்குடி, எந்திரி" என்பேன். அதோடு இயந்திரம் அன்றைய வேலைக்குத் தயார்.

பதினோரு வருஷம் இதுதான் வழக்கமாக இருந்தது. இயந்திரத்தைக் கொண்டுவந்து பூட்டிய கம்பெனி ஆள், "தினமும் ஒரே கண்ணை எடுத்துப் பாருங்க, லென்ஸ்ல தூசியோ மங்கலோ இருந்தா உடனே தெரிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுப் போனான். முதல் வாரம் என் கண்ணை எடுத்தோம். அதில் அடையாளம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை, வெறும் பொட்டல். அடுத்து அவள் கண்ணை எடுத்தபோது அந்தப் புள்ளிகள் கிடைத்தன. வெட்டி ஒட்டியது போல விளிம்பு. லென்ஸ் மயிரிழை நகர்ந்தாலும் அந்த விளிம்பு குழம்பிவிடும். இதைவிட நல்ல அளவுகோல் எங்கே கிடைக்கும்? "கண்ணுக்குள்ளயே மச்சம் வச்சிருக்கியேடி, நீதான்டி மச்சக்காரி" என்று முதலில் சொன்னவள் நான். பிறகு ஆஸ்பத்திரியே சொன்னது. அந்தப் படங்களைச் 'சோதனை' என்று பெயரிட்ட தனி இடத்தில் சேர்த்து வைத்தோம். சோதனைப் படங்களைத் தனக்கு அனுப்ப வேண்டாம் என்று பெரிய டாக்டரே சொல்லியிருந்தார். மூவாயிரம் தடவைக்கு மேல் நான் அந்தக் கண்ணைப் பார்த்திருக்கிறேன். இயந்திரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, கண் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

என் வேலை சொட்டு மருந்து போடுவது. நடைவழி நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களின் தலையை நிமிர்த்தி, கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு விடுவேன். இருபது நிமிஷத்தில் கண்மணி விரிந்துவிடும். பிறகு படக்காரியின் அறைக்கு அனுப்புவேன். ஆகவே நான் சொட்டுக்காரி, அவள் படக்காரி. பெற்றவர்கள் வைத்த பெயரெல்லாம் அடையாள அட்டையில் தூங்குகிறது. எனக்கு வாய் நீளம் என்பார்கள். அவளுக்கு வாயே கிடையாது. இரண்டு பேரும் ஒரே டப்பாவிலிருந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்று பதினோரு வருஷம் ஓட்டியதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

அவளிடம் ஒரு வழக்கம் எனக்கு எரிச்சலைக் கிளப்பும். யார் முதுகையும் தொடமாட்டாள். சின்னப் பிள்ளைகளைப் படமெடுக்கும்போது, வெளிச்சம் அடிக்கப்போகிறது என்று தெரிந்ததும் அதுகள் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். யாராவது பின்னால் நின்று, பிடரியில் கை வைத்து, நெற்றியை இயந்திரத்தில் இருக்கும் பட்டையோடு சேர்த்துத் தள்ளிப் பிடிக்க வேண்டும். அதற்கு அவள் வரவே மாட்டாள். "அக்கா, வந்து பிடிங்க" என்று நடைவழியில் கத்துவாள். இவள் போய் அழுத்திப் பிடித்தால் என்ன?

"உன் கை என்ன கண்ணாடியா, பட்டா உடைஞ்சிடுமா?" என்று ஒரு நாள் சீறினேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் கூட்டமாக இருந்தால்கூட அவள் இப்படித்தான் கையை மார்போடு கட்டிக்கொண்டு நிற்பாள் என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், நோயாளிகள் யாரும் இல்லாத நேரம், பஞ்சை உருட்டிக்கொண்டே அவளாகச் சொன்னாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அண்ணனுக்குப் பதின்மூன்று. மூன்றாவது மாடியில் வீடு. அப்பா லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர், ஆனால் அவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. விளையாடக் கீழே இறங்கும்போது அண்ணன் அவளுக்கு முன்னால் ஆமை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தான். "சீக்கிரம் போண்ணா" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினாள். நான்கு படி உருண்டு, கைப்பிடிக் கம்பியில் நெற்றி மோதி விழுந்தான். ஒரு வீக்கம், அவ்வளவுதான். மூன்று வாரத்தில் அவனால் நிற்க முடியாமல் போனது. பெரிய ஆஸ்பத்திரியில் மூளைக்குள், பின்மண்டைப் பக்கம், கட்டி இருக்கிறது என்றார்கள். மூன்றாவது மாதம் போய்ச் சேர்ந்தான்.

"அப்பா ஒரே ஒரு வாட்டிதான் சொன்னாரு. 'நீ தள்ளாம இருந்திருந்தா'ன்னு. அதுக்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கல" என்றாள்.

ஆறு வருஷம் கழித்து, நாற்பத்தொரு வயதில், அவளுடைய அம்மாவும் போனாள். குடலில் புற்று. மகன் போன ஏக்கம்தான் வயிற்றைத் தின்றுவிட்டது என்று வருகிறவர்களிடமெல்லாம் அப்பா சொன்னார். பதினைந்து வயதுப் பெண் கணக்குப் போட்டுக்கொண்டாள். ஒருத்தனைத் தள்ளினோம், இரண்டு பேர் போனார்கள்.

அடிபட்டால் வீங்கும், வீங்கினால் கட்டியாகும் என்று அந்த வீட்டில் நினைத்திருந்தார்கள். நெற்றியில் அடிபட்டவனுக்குப் பின்மண்டையில் எப்படிக் கட்டி வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்களைச் சொல்வானேன், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற எனக்கே அன்றைக்கு அது தோன்றவில்லை. "விடுடி, சின்ன வயசு, தெரிஞ்சா செஞ்சே" என்று ஏதோ சொல்லி வைத்தேன். அதன்பிறகு பிள்ளைகளைப் பிடிக்க அவள் கூப்பிடும் முன்பே நான் போய் நின்றுவிடுவேன்.

அவளுக்கு ஒரே மகள், பத்து வயது. பிள்ளையின் அப்பன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் இருபது நாள் சாலையில்தான் இருப்பார், வீட்டில் வயதான தாத்தா மட்டும்தான். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளை நேராக எங்கள் நடைவழிக்கு வந்துவிடுவாள். என்னைச் 'சொட்டுப் பெரியம்மா' என்று கூப்பிடுவாள். வாய் என்னைப் போல, நல்லவேளை அம்மாவைப் போல இல்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், மழைக்காலம் முடிந்த சமயத்தில் அவளுக்குத் தலைவலி ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் வலிக்கும், சில நாள் வாந்தி எடுப்பாள், பத்து மணிக்கெல்லாம் சரியாகிவிடும். எங்கள் கண்ணாடிப் பிரிவில் பவர் பார்த்துக் கண்ணாடி போட்டார்கள். ஒரு மாதத்தில் அதையும் மாற்றினார்கள். வலி போகவில்லை.

"பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடக் கத்துக்கிட்டா உன் பொண்ணு. பத்து மணிக்கு மேல எந்த நோய்டி தானாப் போகும்?" என்று சிரித்தேன். இதை நினைத்தால் இன்றைக்கும் என் நாக்கை அறுத்துப்போடலாம் போலிருக்கிறது.

இன்னொன்றும் நடந்தது. தரை துடைக்கும் அம்மா என்னிடம் வந்து புலம்பினாள். நடைவழிச் சுவரில், என் இடுப்பு உயரத்துக்கு, வாசலிலிருந்து படமெடுக்கும் அறை வரைக்கும் வரிசையாகக் கைத் தடம். "அந்தப் பிள்ளைகிட்ட சொல்லுங்கம்மா, சுவத்தைத் தொட்டுக்கிட்டே நடக்குது, தினமும் தொடச்சு மாளல" என்றாள். நான் பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு அதட்டுப் போட்டேன்.

புது விழித்திரை டாக்டரம்மா வந்து சேர்ந்தது அந்த வாரம்தான். முப்பது வயதுகூட இருக்காது. பேச்சு படபடவென்று இருக்கும், தேநீரை ஆறவைத்துத்தான் குடிப்பார். அதே வாரம் கம்ப்யூட்டர்களையும் மாற்றியிருந்தார்கள். அதில் ஏதோ குளறுபடியாகி, சோதனைப் படம் அன்றைய நோயாளிகள் பட்டியலில் முதலாவதாகப் போய் விழுந்துவிட்டது.

டாக்டரம்மா அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "முதல் பேஷன்ட் கெளம்பிட்டாங்களா? இன்னொரு கண்ணு படம் எங்கே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "அது பேஷன்ட் இல்ல டாக்டர், நம்ம படக்காரி. மெஷின் சரியா இருக்கான்னு பார்க்க அவ கண்ணைத்தான் தினமும் எடுக்குறோம். அந்த மச்சம் இருக்குல்ல, அதை வச்சுத்தான்..."

அவர் சிரிக்கவில்லை. "அவங்களை உக்கார வச்சு இடது கண்ணையும் எடுங்க" என்றார்.

பதினோரு வருஷத்தில் அந்த இடது கண்ணை நாங்கள் எடுத்ததே இல்லை. எடுத்தேன். அதில் நான்கு புள்ளிகள் இருந்தன. ஒன்றிரண்டுக்கு ஓரத்தில் வெளிறிய வால்கூட இருந்தது.

டாக்டரம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார். "உங்க வீட்டுல யாருக்காவது குடல்ல புற்று வந்திருக்கா?"

"அம்மாவுக்கு. நாப்பத்தொரு வயசுல."

"கூடப் பொறந்தவங்க?"

"ஒரு அண்ணன். மாடிப்படியில விழுந்து செத்துட்டான்."

டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டு அதை விட்டுவிட்டார். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த உண்மை அதுதான்.

பிறகு டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். ஒரு மச்சம் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு கண்ணிலும் இத்தனை, அதுவும் இந்த மாதிரி வாலோடு இருந்தால், அது சில குடும்பங்களில் வரும் ஒரு கோளாறின் அடையாளமாக இருக்கலாம். குடலுக்குள் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன முளைகள் வரும். விட்டுவைத்தால் அவற்றில் ஏதாவது ஒன்று நாற்பது வயதுக்குள் புற்றாக மாறும். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவது பாதிக்குப் பாதி. "நீங்க இந்த வாரமே குடல் டாக்டரைப் பாருங்க. பொண்ணையும் அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க, கண்ணைப் பார்த்துடலாம். பயப்படாதீங்க, சரியான நேரத்துல தெரிஞ்சிருக்கு."

அவளுக்கு வயது முப்பத்தெட்டு. தன் வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "குடல்லயேதான் நிக்குமா டாக்டர்? வேற எங்கயாவது வருமா?" என்று கேட்டாள்.

"ரொம்ப அபூர்வமா சில சின்னப் பிள்ளைகளுக்கு மூளையில கட்டி வரும். பின்மண்டையில. நூத்துல ஒருத்தருக்குத்தான். அதையெல்லாம் இப்ப நெனச்சுக் குழப்பிக்காதீங்க."

பின்மண்டையில் என்ற சொல்லைக் கேட்டதும், அந்த மழை மத்தியானத்தில் அவள் சொன்ன அண்ணன் கதை எனக்கு ஞாபகம் வந்தது. அவள் எழுந்து, நன்றி சொல்லி, அன்றைக்கு இருபத்தேழு பேரைப் படமெடுத்தாள். ஒரு படம்கூடக் கலங்கவில்லை. சாயங்காலம் மருந்து அலமாரிப் பக்கம் என்னைத் தேடி வந்தாள்.

"அக்கா, என்கூட வீட்டுக்கு வாங்க. அப்பாகிட்ட ஒண்ணு கேக்கணும். தனியாக் கேக்க எனக்குத் தைரியம் இல்ல."

"என்னடி கேக்கப்போறே?"

"அண்ணனுக்குத் தலைவலி நான் தள்ளுறதுக்கு முன்னாடியே இருந்துச்சான்னு. இருந்துச்சுன்னா, அது அம்மாகிட்டயிருந்து வந்த நோய். எனக்கும் வந்திருக்கு. என் பிள்ளைக்கு இருக்குறதும் வெறும் தலைவலி இல்ல."

"இல்லன்னு சொல்லிட்டா?"

"இல்லன்னா நான் தள்ளினதுலதான் அவன் செத்தான்." மூச்சை இழுத்துவிட்டாள். "முப்பது வருஷமா, நான் காரணமா இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன் அக்கா. இன்னைக்குக் காலையிலேருந்து, நானாவே இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டிருக்கேன்."

நான் பையை எடுத்துக்கொண்டு அவளோடு கிளம்பினேன்.

அவள் இன்னும் அதே வீட்டில்தான் இருந்தாள். அப்பாவுக்குத் துணையாக, கல்யாணத்துக்குப் பிறகும் அங்கேயே தங்கிவிட்டாள். அந்த மாடிப்படியில் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஏறினேன். சிமெண்ட் படிகள், பச்சைப் பெயிண்ட் உரிந்த கைப்பிடிக் கம்பி. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவள் கம்பியை விட்டுச் சுவரோரமாக ஒதுங்கி ஏறினாள். எது அந்த இடம் என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை.

பிள்ளை உள்ளறையில் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருந்தாள். அப்பா மேஜையில் தகர டப்பாவைக் கவிழ்த்து, திருகாணிகளை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். வேலையை விட்டுப் பல வருஷமாகியும் அவர் கை சும்மா இருக்காது. என்னைப் பார்த்து, "வாம்மா, உக்காரு" என்றார்.

அவள் உட்காரவில்லை. "அப்பா, அண்ணன் விழுந்தானே, அதுக்கு முன்னாடி அவனுக்குத் தலைவலி இருந்துச்சா?"

அவர் கை நின்றது. "இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

"சொல்லுங்கப்பா."

"பழசைக் கிளறாதே."

"நம்ம பிள்ளைக்காகக் கேக்குறேன்ப்பா."

அவர் உள்ளறைப் பக்கம் பார்த்தார். அங்கே பிள்ளை புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. கிழவர் முகம் பேயறைந்தது போல ஆனதைப் பார்த்தபோதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. அவர் அதைச் சொல்லாமல் இருந்துவிட மாட்டாரா என்று இருந்தது.

"காலையில எந்திரிச்சதும் வாந்தி எடுப்பான்" என்றார். "நீ தள்ளுறதுக்கு ஒரு மாசம் முன்னாடியிருந்தே. மட்டம் போடுறான்னு நான் அடிச்சு அனுப்பினேன். படி இறங்கும்போது சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இறங்குவான். 'கெழவன் மாதிரி என்னடா சுவத்தைப் பிடிக்கிறே, நேரா நடடா'ன்னு கையைத் தட்டிவிட்டேன். அன்னைக்குக் காலையிலகூடத் தட்டிவிட்டேன்."

சுவர் என்றதும் எங்கள் நடைவழிச் சுவரும், இடுப்பு உயரத்தில் அந்தக் கைத் தடங்களும், நான் போட்ட அதட்டும் கண்முன்னால் வந்து நின்றன.

"டாக்டர் என்கிட்ட கேட்டாரு, எத்தனை நாளா இப்படி, ஏன் முன்னாடியே கூட்டிட்டு வரலன்னு. எனக்கு அதை ஒருத்தர்கிட்டயும் சொல்ல முடியல. நீ தள்ளினேன்னு சொன்னேன். நீ சின்னப் பிள்ளை, மறந்துடுவேன்னு நெனச்சேன்." கையிலிருந்த திருகாணியை டப்பாவில் போட்டார். "நீ ஒண்ணும் செய்யலம்மா. அவன் ஏற்கெனவே விழுந்துக்கிட்டுத்தான் இருந்தான்."

முப்பது வருஷமாக இந்த வார்த்தைக்காகத்தான் அவள் கையைக் கட்டிக்கொண்டு திரிந்தாள். அது கிடைத்ததும் அப்பாவின் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இல்லப்பா, நான்தான்னு சொல்லுங்க. நான் தள்ளினதாலதான்னு சொல்லுங்கப்பா" என்றாள்.

அவருக்கு அது புரியவில்லை. "இல்லம்மா, இல்லம்மா" என்று அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு 'இல்லம்மா'வுக்கும் அவள் உடம்பு தூக்கிப்போட்டது. நான் எழுந்து போய் உள்ளறைக் கதவைச் சாத்தினேன்.

மறுநாள் எட்டு மணிக்கு மூன்று பேராக உள்ளே போனோம். பிள்ளை காலையிலேயே வாந்தி எடுத்திருந்தாள், முகம் வெளுத்திருந்தது. நான் அவள் கண்ணில் சொட்டு விட்டேன். எத்தனை ஆயிரம் கண்ணில் விட்ட கை, அன்றைக்குக் குறி தவறி ஒரு சொட்டு கன்னத்தில் விழுந்தது. "பெரியம்மாவுக்கு வயசாயிடுச்சு" என்று பிள்ளை கேலி செய்தாள். அந்த இருபது நிமிஷமும் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு, அப்பா வரும்போது என்ன வாங்கிக்கொண்டு வருவார் என்று பேசிக்கொண்டிருந்தாள். படக்காரி சுவரில் இருந்த கைத் தடங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்று, இரண்டு என்று அவள் உதடு அசைந்தது.

காலையின் முதல் படம் அன்றைக்கு எடுக்கவில்லை. எனக்கும் ஞாபகம் வரவில்லை, அவளும் சொல்லவில்லை.

பிள்ளையை ஸ்டூலில் உட்காரவைத்துத் தாடையைத் தட்டில் வைத்தோம். நான் வழக்கம்போலப் பின்னால் போய் நின்றேன். அவள் என் தோளைத் தொட்டு விலக்கினாள்.

"நீங்க எடுங்க அக்கா. நான் பிடிச்சுக்கிறேன்."

அவள் மகளின் பிடரியில் கை வைத்தாள். முதலில் விரல் நுனி மட்டும், பிறகு முழு உள்ளங்கையும். நெற்றி பட்டையோடு சேரும்வரை மெதுவாகத் தள்ளினாள். இயந்திரத்துக்குள் தெரியும் பச்சை வெளிச்சப் புள்ளியைப் பார்க்கச் சொல்லிவிட்டு நான் பொத்தானை அழுத்தினேன்.

திரை என் பக்கம்தான் திரும்பியிருந்தது. புள்ளிகள் இருந்தன. மூன்று, அம்மாவுக்கு இருப்பது போலவே. நான் டாக்டர் இல்லை. ஆனால் பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் அந்த வெளிர்மஞ்சள் வட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நாணயத்தின் விளிம்பு போல இருக்க வேண்டும். இது ஈரத் துணியில் விழுந்த மைபோல ஊறி, விளிம்பே இல்லாமல் இருந்தது, ரத்தக்குழாய்கள் அதற்குள் முங்கிக் கிடந்தன. தலைக்குள் அழுத்தம் ஏறினால்தான் அந்த வட்டம் இப்படி வீங்கும்.

படம் கலங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நினைத்தேன். காலையில் இயந்திரத்தைச் சோதிக்கவில்லை, லென்ஸில் ஏதோ தூசி, நாசமாய்ப் போன லென்ஸ்.

"எப்படி வந்திருக்கு அக்கா?" என்று பிள்ளையின் தலைக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"கொஞ்சம் கலங்கியிருக்குடி. இன்னொண்ணு எடுத்துடலாம்."

 அவள் தினமும் கேட்கும் அதே குரலில் கேட்டாள்.

"மச்சம் தெளிவா இருக்கா?"

மூன்று புள்ளிகளும் வெட்டி ஒட்டினாற்போல இருந்தன. மயிரிழைகூடக் குழம்பவில்லை. என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"இருக்குடி" என்றேன்.

அவள் கையை எடுக்கவில்லை. பிள்ளைதான், "அம்மா, அழுத்தாதே, வலிக்குது" என்றாள்.

டாக்டரம்மா அந்தப் படத்தைப் பார்த்ததும் தேநீரைக் கீழே வைத்துவிட்டு போனை எடுத்தார். மத்தியானத்துக்குள் தலை ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. பின்மண்டையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. நான்காம் நாள் ஆபரேஷன். பிள்ளை உள்ளே இருந்த ஏழு மணி நேரமும் கிழவர் அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட்டின் முன்னால் நின்று, அது ஏறி இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். லாரியை எங்கேயோ நிறுத்திவிட்டு ஓடிவந்த பிள்ளையின் அப்பன், ஷூ கயிறுகூடக் கட்டாமல் தரையில் உட்கார்ந்திருந்தார். படக்காரி மட்டும் அழவில்லை. "பயமா இருக்கு அக்கா" என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை சொன்னாள், மணி கேட்பது போல.

இதெல்லாம் நடந்து பதினான்கு மாதம் ஆகிறது. பிள்ளைக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள், மருந்து கொடுத்தார்கள். முடி கொட்டி மறுபடி முளைத்திருக்கிறது. அவளுடைய குடலிலும் முளைகள் இருக்கின்றன, வருஷா வருஷம் பார்க்க வேண்டும். படக்காரியின் பெருங்குடலை எடுத்துவிட்டார்கள். உள்ளே நானூறுக்கு மேல் முளைகள் இருந்தன, இரண்டு ஏற்கெனவே புற்றாக மாறியிருந்தன. இன்னும் ஒரு வருஷம் போயிருந்தால் அவள் அம்மாவின் வழிதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைக்குத் தலை ஸ்கேன். அந்த வாரம் வந்தால் இவள் சாப்பிடமாட்டாள், நானும் வம்புக்கு இழுக்கமாட்டேன். இயந்திரத்தைச் சோதிக்க இப்போது கம்பெனியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கண் வாங்கி வைத்திருக்கிறோம்.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுத்த ஸ்கேனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கட்டியை எடுத்த பிறகு பிள்ளைக்கு நடையில் கொஞ்சம் தள்ளாட்டம் தங்கிவிட்டது, படி இறங்குவதென்றால் பாதத்தைத் தேடித் தேடி வைப்பாள். ஒரு கை சுவரில். அம்மாக்காரி ஒரு படி மேலே, பின்னாலேயே இறங்கினாள். கைகள் மார்போடு கட்டியிருக்கவில்லை. வலது உள்ளங்கை மகளின் முதுகில், இரண்டு தோளுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்திலும் அவள் ஒதுங்கவில்லை.

"அம்மா, கையை எடும்மா. நானே இறங்குவேன்" என்றாள் பிள்ளை.

"இறங்கு, இறங்கு. நான் சும்மா வச்சிருக்கேன்" என்றாள் அவள்.

பிறகு திரும்பி என்னைப் பார்த்து, பிள்ளைக்குக் கேட்காமல், "எடுக்கப் பயமா இருக்கு அக்கா" என்றாள்.